மெயின் ஆஃப் பண்ணாம வேலை பாக்குற எலக்ட்ரீசியன், இதெல்லாம் சகஜமா?

கோவை_தினேஷ்

வணக்கம்ங்க. எங்க வீடு கோயமுத்தூர்ல, கட்டி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, மாடி அப்புறமா எடுத்தது. ஹால்ல ஃபேன் ரெகுலேட்டர் போயிடுச்சு, கூடவே ஒரு 16 ஆம்ப்ஸ் ப்ளக் பாயிண்ட்ல கருகின வாசம் வந்துச்சு. பக்கத்துல ஒரு எலக்ட்ரீசியனை கூப்பிட்டோம். வந்தவரு நேரா சுவிட்ச் போர்டு ஸ்க்ரூவை கழட்டி வாயில கவ்விக்கிட்டு மெயின் ஆஃப் பண்ணாமயே ஆரம்பிச்சுட்டாருங்க. அண்ணா மெயினை ஆஃப் பண்ணட்டுமான்னு கேட்டா சிரிக்கிறாரு, இதுக்கெல்லாம் ஆஃப் பண்ணிட்டிருந்தா நாளைக்கு ரெண்டு வீடு கூட முடிக்க முடியாது சார்ங்கறாரு. மர ஸ்டூல் மேல நின்னா ஒண்ணும் பண்ணாதாம்.

நான் விடாம சொன்னதும் ஹால் எம்சிபியை (அதிகக் கரண்ட் ஓடினா தானா விழுற சுவிட்ச்) மட்டும் தட்டி விட்டாரு. அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு புரியலைங்க. போர்டுக்குள்ள ஒரு கறுப்பு வயர் ஜாயிண்டை பிரிச்சாரு, பிரிச்ச ஒரு முனையில டெஸ்டரை வச்சா பளிச்சுன்னு எரியுது. எம்சிபி ஆஃப்ல இருக்குது, கறுப்புன்னா நியூட்ரல், கரண்ட் திரும்பிப் போற வயர், அப்புறம் எப்படி எரியும்? "அது ரிட்டர்ன் சார், சும்மா அப்படித்தான் எரியும், தொட்டாலும் ஒண்ணும் பண்ணாது"ன்னு சொல்லி டேப் சுத்தி மூடிட்டு போயிட்டாரு. விவரம் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க. எல்லா எலக்ட்ரீசியனும் இப்படித்தானா, அந்த ரிட்டர்ன் கதை நெசமா?

வயர்மேன்_பாண்டி

தினேஷ் சார், நான் மதுரைல வயரிங் வேலைதான் பாக்குறேன். ஒளிச்சு மறைக்காம சொல்றேன், வீட்டு வேலைல முக்காவாசிப் பேரு சப்ளையோடதான் கை வைக்கிறான். அதுக்கு அவன் திமிரு மட்டும் காரணமில்ல. மெயினை ஆஃப் பண்ணுறேன்னு சொன்னா ஃப்ரிட்ஜுல மாவு இருக்கு, மாமியாருக்கு வேர்க்கும், பையன் ஆன்லைன் கிளாஸ்ல இருக்கான், கம்ப்யூட்டர்ல பில்லு ஓடுதுன்னு நூறு காரணம் சொல்லுவாங்க, கடைன்னா இன்னும் மோசம், கஸ்டமர் நிக்கிறப்ப லைட்ட அணைக்கக்கூடாதும்பாரு ஓனரு. அஞ்சு நிமிச வேலைக்கு எதுக்குப்பா மெயினுன்னு கேட்ட வீட்டுக்காரங்களை நான் நிறைய பாத்துருக்கேன். நீங்க ஆஃப் பண்ணச் சொல்லி கேட்டீங்க பாருங்க, அதே அபூர்வம்.

ஆனா அந்த ரிட்டர்ன் பேச்சு சுத்தப் பொய். டெஸ்டர் எரிஞ்சா அது சப்ளைதான். எரியுற முனையை ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்ன ஆளை அடுத்த தடவை வீட்டுக்குள்ள விடாதீங்க.

சும்மா_ஒருத்தன்

ஓவர் பில்டப் குடுக்காதீங்கப்பா. எங்க மாமா முப்பது வருஷமா இந்த வேலை பாக்குறார், டெஸ்டரே கிடையாது, புறங்கையால தட்டிப் பாத்து சப்ளை இருக்கா இல்லையான்னு சொல்லுவார். 230 வோல்ட் நாமளும் சின்ன வயசுல எத்தனை தடவை வாங்கியிருப்போம், சுர்ருன்னு இழுக்கும் அவ்வளவுதானே, செத்தா போயிட்டோம்?

பவர்_பாலா

செத்துப் போனவன் வந்து இங்க பின்னூட்டம் போட மாட்டான் தல, அதனாலதான் எல்லாரும் தப்பிச்ச மாதிரி தெரியுது.

சும்மா கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கோ காலுக்கோ உடம்போட ரெசிஸ்டன்ஸ் தோராயமா ஆயிரம் ஓம்னு வைங்க, தோல் நல்லா காஞ்சிருந்தா இன்னும் கூட இருக்கும், வேர்வைல நனைஞ்சிருந்தா குறைஞ்சிடும், நம்ம ஊரு சித்திரை வெயில்ல காஞ்ச கையோட எவன் வேலை பாக்குறான். 230ஐ 1000ஆல வகுத்தா 230 மில்லி ஆம்பியர். ஒரு மில்லி ஆம்பியர்லயே சுள்ளுன்னு தெரியும். பத்து கிட்ட போனா கை தசை இறுகிப் பிடிச்ச கம்பியை விட முடியாம போகும். முப்பதுக்கு மேல போனா மூச்சுத் தசை நிக்கலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகிடலாம், எவ்வளவு நேரம் ஓடுது எந்த வழியா ஓடுதுன்னு பொறுத்தது. சின்ன வயசுல நீங்க வாங்கினது விரல் நுனியில பட்டு சட்டுன்னு கை எகிறினது, செருப்பு போட்டு காஞ்ச தரையில நின்னிருப்பீங்க. அதே வயரை உள்ளங்கையால பிடிச்சு இன்னொரு கை இரும்பு ஜன்னல் கம்பியில இருந்தா கதை வேற.

புறங்கையால தட்டுறது ஏன் வந்துச்சுன்னா ஷாக்ல கை சுருங்கும்போது வயரை பிடிச்சுக்காம விலகும்னுதான். அதுல கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா ஷாக் வாங்கித்தான் சப்ளை இருக்கான்னு பாக்கணும்னா அதுக்குப் பேரு டெஸ்டிங் இல்ல. அப்புறம் எம்சிபி இருக்கேன்னு தைரியமா இருக்காதீங்க, 6 ஆம்ப்ஸ் எம்சிபிக்கு உங்க உடம்புல ஓடுற கால் ஆம்ப்ஸ் ஒரு சின்ன ட்யூப் லைட் மாதிரிதான், அது விழவே விழாது. எம்சிபி வயரைக் காப்பாத்துறதுக்கு, ஆளைக் காப்பாத்துறதுக்கு ஆர்சிசிபி, போற கரண்டும் திரும்புற கரண்டும் வித்தியாசப்பட்டா வெட்டி விடுற சுவிட்ச்.

@கோவை_தினேஷ் உங்க கறுப்பு வயருக்கு வர்றேன். வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கா? அந்த ஜாயிண்டை பிரிச்ச நேரத்துல வேற எங்கயாவது எதுவாவது ஆஃப் ஆச்சா, ஞாபகம் இருக்கா?

வயர்மேன்_பாண்டி

ஷாக்கு கூட ரெண்டாவது. ஏணில நிக்கிறவனுக்கு சுள்ளுன்னு ஒரு சின்ன இழுப்பு போதும், கைய உதறுவான், அப்படியே மல்லாக்க விழுவான். எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் ஜவுளிக்கடைல டியூப் லைட் சோக்கு மாத்தும்போது அப்படித்தான், ஷாக்குல கையில ஒரு சிவப்புப் புள்ளி கூட இல்ல, விழுந்ததுல இடுப்பு எலும்பு. சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுத்தான் ஏறினான் பாவம். அந்தக் கடைல பேஸும் (சப்ளை வர்ற வயர்) நியூட்ரலும் மாறிக் கிடந்துச்சு, சுவிட்சு நியூட்ரலை வெட்டிட்டு பேஸை மேல ஹோல்டர்லயே விட்டு வச்சிருக்கு. லைட்டு அணைஞ்சாச்சு, சப்ளை அணையல.

தோஹா_டெக்னீஷியன்

நான் கத்தார்ல மெயின்டனன்ஸ்ல இருக்கேன், ஊரு தஞ்சாவூர் பக்கம். இங்க சைட்ல பெர்மிட் இல்லாம ஒரு பேனல் கதவைக் கூட திறக்க முடியாது. பிரேக்கரை ஆஃப் பண்ணி அதுல சொந்தப் பூட்டு மாட்டணும், சாவி நம்ம பாக்கெட்ல, போட்டோ ஒட்டின டேக் தொங்கணும், அஞ்சு பேர் வேலை பாத்தா அஞ்சு பூட்டு. லாக் அவுட் டேக் அவுட்ம்பாங்க. இங்க நிறைய சைட் பிரிட்டிஷ் முறைதான், அவங்க 1989ல போட்ட எலக்ட்ரிசிட்டி அட் ஒர்க் விதிகள்ல 14வது விதி ரொம்பத் தெளிவா இருக்கும். சப்ளையோட வேலை பாக்கணும்னா மூணும் சேர்ந்து இருக்கணும், ஆஃப் பண்றது நியாயமாவே முடியாத நிலைமையா இருக்கணும், சப்ளையோட பாக்குறதுல நியாயம் இருக்கணும், அடிபடாம இருக்க போதுமான ஏற்பாடு இருக்கணும். மாவு புளிக்கும்ங்கறது இதுல எதுலயும் வராது 😄

ஆனா இதைவிட முக்கியமா நான் இங்க கத்துக்கிட்டது பூட்டு இல்ல, டெஸ்ட் பண்ற முறைதான். முதல்ல மீட்டரை சப்ளை இருக்குன்னு நல்லா தெரிஞ்ச இடத்துல வச்சு அது வேலை செய்யுதான்னு பாக்கணும். அப்புறம் வேலை பாக்கப் போற இடத்துல பேஸ் நியூட்ரல், பேஸ் எர்த், நியூட்ரல் எர்த் மூணையும் பாக்கணும். முடிச்சிட்டு திரும்ப அந்த சப்ளை இருக்கற இடத்துக்குப் போய் மீட்டர் இன்னும் உயிரோட இருக்கான்னு பாக்கணும். நடுவுல மீட்டர் ஃபியூஸ் போயிருந்தாலோ ப்ரோப் வயர் உள்ள அறுந்திருந்தாலோ அது பூஜ்யம்னு காட்டும், நீங்க சப்ளை இல்லன்னு நம்பி கை வைப்பீங்க. இந்தக் கடைசி செக்கை ஊர்ல யாரும் பண்ணி நான் பாத்ததில்ல.

மல்டிமீட்டர் வச்சிருக்கறவங்க இன்னொண்ணு கவனிங்க. முந்தின தடவை ஆம்பியர் அளந்துட்டு சிவப்பு ப்ரோபை 10 ஆம்ப்ஸ் ஓட்டையிலேயே விட்டுட்டு அப்படியே ப்ளக்ல வச்சா அது நேரா ஷார்ட், முகத்துக்கு நேரா வெடிக்கும். விலை மலிவான மஞ்சள் மீட்டர் எல்லாம் ரேடியோ ரிப்பேருக்கு சரி, டிபி பாக்ஸ் (எம்சிபி எல்லாம் இருக்கற பெட்டி) பக்கம் கொண்டு போகாதீங்க, குறைஞ்சது கேட் 3, 600 வோல்ட்னு பாதுகாப்புத் தரம் போட்டிருக்கறதா வாங்குங்க.

வயர்மேன்_பாண்டி

@தோஹா_டெக்னீஷியன் அண்ணே அங்க உங்களுக்கு மாசச் சம்பளம், நாலு மணி நேரம் பெர்மிட்டுக்கு உக்காந்தாலும் காசு. இங்க முந்நூறு ரூவா வேலைக்கு பூட்டு, டேக்கு, போட்டோன்னா வீட்டுக்காரம்மா என்னைய மேலயும் கீழயும் பாக்கும். ஆனாலும் நம்ம ஆளுகளுக்கும் ஒரு முறை இருந்துச்சுண்ணே. பீங்கான் பீஸ் கட்டை இருந்த காலத்துல என் குரு கேரியரை (பீஸ் கம்பி இருக்கற கட்டை) புடுங்கி சட்டைப் பையில போட்டுக்குவாரு. வேலை முடிஞ்சு அவரு திருப்பி மாட்டுற வரைக்கும் எவன் வந்தாலும் சப்ளை குடுக்க முடியாது. பூட்டும் அதுதான் சாவியும் அதுதான். எம்சிபி வந்த பிறகுதான் கெட்டுப்போச்சு, எவன் வேணாலும் வந்து பட்டுன்னு தூக்கி விட்டுடுறான். ஏன் ஃபேன் ஓடலைன்னு பாட்டி வந்து தூக்கி விட்டுரும்.

நான் இப்ப என்ன பண்றேன்னா எம்சிபி நாக்கை ஆஃப்ல வச்சு இன்சுலேஷன் டேப்பை குறுக்கா ஒட்டி டிபி கதவுல "ஆள் வேலை செய்கிறார்"னு எழுதிருவேன், கிளம்பும்போது கிழிச்சிருவேன். எம்சிபிக்கு மாட்டுற குட்டிப் பூட்டு கூட இப்ப ஆன்லைன்ல கிடைக்குது, பெரிய விலையெல்லாம் இல்ல.

கோவை_தினேஷ்

@பவர்_பாலா ஆமாங்க இன்வெர்ட்டர் இருக்குது, மாடிப்படிக்கு கீழ. நீங்க கேட்டதும்தான் அம்மா சொல்றாங்க, அந்த ஜாயிண்டை அவரு பிரிச்சப்ப பெட்ரூம்ல ஓடிட்டிருந்த ஃபேன் நின்னுச்சாம், கரண்ட் போச்சு போலன்னு நினைச்சாங்களாம். திரும்ப முறுக்கினதும் ஓட ஆரம்பிச்சிருச்சு. பெட்ரூம் ஃபேன் இன்வெர்ட்டர் லைன்ல இருக்குது.

பவர்_பாலா

அப்ப கதை முடிஞ்சது. கொஞ்சம் நீளமா எழுதுறேன், இது நிறைய வீட்டுல இருக்கற பிரச்சினை.

உங்க ஹால் எம்சிபி சிங்கிள் போல், அது பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரலை தொடாது. வீடு கட்டும்போது இன்வெர்ட்டர் இல்ல, அப்புறமா போட வந்தவர் பெட்ரூம் ஃபேனுக்கு இன்வெர்ட்டர்ல இருந்து ஒரு பேஸ் மட்டும் புதுசா இழுத்திருக்காரு, நியூட்ரலுக்கு தனி வயர் இழுக்க சோம்பேறித்தனம், ஹால் போர்டுல ஏற்கெனவே போயிட்டிருந்த கறுப்பு வயர்லயே சேர்த்து முறுக்கிட்டாரு. ஆக ஹால் எம்சிபி ஆஃப் ஆனாலும் பெட்ரூம் ஃபேன் கரண்ட் ஹால் போர்டு வழியாத்தான் திரும்பிப் போயிட்டிருக்கு. ஜாயிண்ட் சேர்ந்து இருக்கற வரைக்கும் அந்த வயர் கிட்டத்தட்ட பூஜ்யம் வோல்ட், டெஸ்டர் எரியாது, தொட்டாலும் தெரியாது. பிரிச்ச அந்த நொடி என்ன ஆகுது? வாய்க்கால்ல மடையை அடைச்சா மேல்பக்கம் தண்ணி ஏறுற மாதிரி, ஃபேன் பக்கம் இருக்கற முனை அப்படியே 230க்கு ஏறிடும். இன்னொரு முனை பூஜ்யத்துலயே இருக்கும். ரெண்டு கையில ரெண்டு முனையைப் பிடிச்சு முறுக்கினா கரண்ட் ஓடுற வழி நேரா நெஞ்சு குறுக்கே.

ஃபேன் வழியாத்தானே வருது, கம்மியா வரும்னு ஒருத்தர் கேப்பாரு. 75 வாட் சீலிங் ஃபேன் எழுநூறு ஓம் பக்கம் வரும், உடம்பு ஆயிரம்னு வச்சாலும் 130 மில்லி ஆம்பியருக்கு மேல ஓடும். ஆளைக் கொல்ல தாராளம். ஃபேனுக்குப் பதிலா அயர்ன் பாக்ஸ் அந்த நியூட்ரல்ல இருந்தா அதோட ரெசிஸ்டன்ஸ் ஐம்பது சொச்சம் ஓம்தான், அது குறுக்க இருக்கறதும் இல்லாததும் ஒண்ணு.

இதை பிரிக்கறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க வழி இருக்கு. கிளாம்ப் மீட்டர். எம்சிபியை ஆஃப் பண்ணிட்டு அந்த கறுப்பு வயரை மட்டும் கிளாம்ப்புக்குள்ள விட்டுப் பாருங்க, ஆம்பியர் காட்டினா வேற ஏதோ சர்க்யூட் அதுல திரும்பி வருதுன்னு அர்த்தம், கை வைக்கவே கூடாது. மல்டிமீட்டரும் டெஸ்டரும் இதைக் காட்டாது, ஏன்னா பிரிக்கற வரைக்கும் அங்க வோல்டேஜே இருக்காது. சப்ளை இல்லன்னு முறையா செக் பண்ணின ஆளுக்கு கூட இது அடிக்கும். என்னைக் கேட்டா பேஸை விட நியூட்ரல்தான் ஏமாத்தும், பேஸைப் பாத்து பயப்படுறவன் நியூட்ரலை சர்வ சாதாரணமா பல்லால தோல் உரிச்சுட்டு இருப்பான்.

இன்வெர்ட்டர் இருக்கற வீட்டுல மெயின் ஆஃப் பண்றது பாதி வேலைதான். மெயினை ஆஃப் பண்ணினா இன்வெர்ட்டர் கரண்ட் போயிடுச்சுன்னு நினைச்சு பேட்டரியில இருந்து 230ஐ உற்பத்தி பண்ணி உள்ள அனுப்பும். அதையும் ஸ்விட்சுல ஆஃப் பண்ணி, அவுட்புட் ப்ளக் இருந்தா உருவிடுங்க.

சும்மா_ஒருத்தன்

சரி நியூட்ரல் மேட்டர் எனக்கு புதுசு, ஒத்துக்கறேன். ஆனா டெஸ்டர் எரியலைன்னா சப்ளை இல்லதானே? பத்து ரூவா டெஸ்டர்லதான் ஊரே ஓடுது.

தோஹா_டெக்னீஷியன்

பளிச்சுன்னு எரிஞ்சா சப்ளை இருக்கு, எரியலைன்னா ஒண்ணும் தெரியாது. அதுக்குள்ள ஒரு நியான் பல்பு, ஒரு பெரிய ரெசிஸ்டர், நீங்க மேல விரல் வைக்கிறது மூலமா உங்க உடம்பு வழியா துளியூண்டு கரண்ட் போய்த்தான் அது எரியுது. நீங்க மர ஸ்டூல் மேல ரப்பர் செருப்போட நின்னா மங்கும். மொட்டை மாடில வெயில்ல வச்சா எரிஞ்சாலும் கண்ணுக்குத் தெரியாது. விரல் சரியா மூடில படலைன்னா எரியாது. இன்னொரு பக்கம், சும்மா பக்கத்துல ஓடுற வயர்ல இருந்து வர்ற இண்டக்‌ஷனுக்கே லேசா மினுங்கும், டிஜிட்டல் மீட்டர்ல கூட அந்த மாதிரி வயர்ல 40, 60 வோல்ட்னு பேய் ரீடிங் காட்டும். அந்த மாதிரி சந்தேகம் வந்தா ஒரு டெஸ்ட் லேம்ப் போட்டா உண்மையான சப்ளையா பேயான்னு உடனே தெரிஞ்சிடும், பேய்க்கு பல்பை எரிக்கத் தெம்பு கிடையாது. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல போட்டா மட்டும் ஆர்சிசிபி விழும், அது அதோட வேலை.

ஈபி_ரிட்டயர்டு

நான் மின்வாரியத்துல ஃபோர்மேனா இருந்து ஓய்வு பெற்றவன். தம்பிகள் எல்லாம் நல்லா எழுதியிருக்கீங்க. பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒண்ணு சொல்லணும். இரும்புப் பெட்டி மெயின் சுவிட்ச் இன்னும் நிறைய வீட்டுல இருக்கு, அதுல பேஸுக்கும் ஒரு பீஸ் கட்டை, நியூட்ரலுக்கும் ஒரு பீஸ் கட்டை இருக்கும். நியூட்ரல் பீஸ் மட்டும் போச்சுன்னா வீடு பூரா இருட்டு, ஆனா ஒவ்வொரு ப்ளக்லயும் பேஸ் அப்படியே நிக்கும். கரண்ட் இல்லையேன்னு போர்டைத் திறந்து கை வைக்கிறவங்க உண்டு. அந்த நியூட்ரல் கட்டையை எடுத்துட்டு நேரடியா இணைப்பு குடுக்கச் சொல்லுங்க, இப்ப இருக்கற முறையில நியூட்ரல்ல தனியா பீஸ் போடக்கூடாது.

அடுத்தது மெயினுக்கு முன்னாடி பக்கம். மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணினாலும் மீட்டர்ல இருந்து மெயின் வரைக்கும் வர்ற வயர்ல சப்ளை இருந்துக்கிட்டேதான் இருக்கும். மெயினையே மாத்தணும்னா வெளியாள் போஸ்ட்ல ஏறி கட்டையைப் புடுங்குறது, சீலை உடைக்கிறது எல்லாம் கூடாது. பிரிவு அலுவலகத்துல சொல்லுங்க, வாரியத்தோட புகார் மையம் மின்னகம் 94987 94987க்கும் பேசலாம்.

கடைசியா ஒரு வேண்டுகோள். கரண்ட் போனா ஜெனரேட்டர்ல இருந்து ரெண்டு பக்கமும் ஆண் ப்ளக் வச்ச ஒரு வயரைப் போட்டு சுவர் ப்ளக்குல சொருகுறாங்க. மெயினை ஆஃப் பண்ண மறந்தா அந்த சப்ளை வெளியே வந்து எங்க லைன்ல ஏறும். அந்த நேரம் போஸ்ட் மேல ஆள் இருப்பான். எல்டி லைன்ல (வீடுகளுக்கு வர்ற லைன்) அவன் மேல 230 படும், லைன் தனியா லோடு இல்லாம நின்னுச்சுன்னா டிரான்ஸ்பார்மர்ல தலைகீழா ஏறி அந்தப் பக்கம் ஆயிரக்கணக்குல வோல்ட் ஆகும். இதுக்காகத்தான் லைன் கிளியர் (வேலை பாக்க அனுமதி) வாங்கி, ஏபி சுவிட்சை (லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) திறந்து பூட்டி, ஹெச்டி (உயர் மின்னழுத்த) பீஸை எடுத்து, டிஸ்சார்ஜ் ராடு வச்சு மிச்ச சார்ஜை இறக்கினதுக்கு அப்புறமும் வேலை பாக்குற இடத்துக்கு ரெண்டு பக்கமும் எர்த் பண்ணச் சொல்றது. சப்ஸ்டேஷன் பக்கம் மட்டும் எர்த் பண்ணிட்டு ஏறினவங்க இருக்காங்க. ஜெனரேட்டர் வச்சிருந்தா, ஈபி, ஜெனரேட்டர் ரெண்டுல ஒண்ணை மட்டும் இணைக்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்க தம்பி.

சும்மா_ஒருத்தன்

ஐயா ஒரு சந்தேகம், பெரிய டவர் லைன்ல கரண்ட் ஓடும்போதே ஆளு மேல உக்காந்து வேலை பாக்குற வீடியோ வருதே, அவங்க மட்டும் எப்படி?

பவர்_பாலா

அது ஹாட் லைன் வேலை, தனித் தொழில். அதுக்குன்னே பெங்களூருல என்பிடிஐ (தேசிய மின் பயிற்சி நிறுவனம்) நடத்துற ஹாட் லைன் பயிற்சி மையம் இருக்கு. உலோக இழை கலந்து நெய்த சூட்டைத் தலையில இருந்து கால் வரைக்கும் போட்டுக்கிட்டு, இன்சுலேட்டட் ஏணியிலயோ பக்கெட்லயோ போய், அந்தக் கம்பியோட வோல்டேஜுக்கே தானும் ஏறிக்குவாங்க, உடம்புக்குள்ள ஓடாம சூட் மேலயே ஓடிடும். எர்த் ஆன எதுவும் பக்கத்துல வராத தூரம் கணக்கு பண்ணி வச்சிருப்பாங்க. வீட்டு சுவிட்ச் போர்டுல அந்தத் தூரம் எவ்வளவு? பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல ஒரு விரல் இடைவெளி கூட இல்ல, எர்த் வயர் அதுக்குள்ளயே இருக்கு. அதனால ஒரு விதத்துல அவங்க வேலையை விட இது இடைஞ்சலான இடம். மர ஸ்டூல் தரையில இருந்துதான் பிரிக்கும், கையில ஒரு பக்கம் பேஸ், இன்னொரு பக்கம் நியூட்ரலோ ஈரச் சுவரோ பட்டா ஸ்டூல் என்ன பண்ணும்.

கை உறையும் அப்படித்தான். கடையில கிடைக்கிற ஆரஞ்சு கலர் ரப்பர் கிளவுஸ் பாத்திரம் கழுவ. கரண்ட் வேலைக்கு கிளாஸ் 0 கிளவுஸ், ஆயிரம் வோல்ட் வரைக்கும் உபயோகிக்கலாம், 5000 வோல்ட்ல டெஸ்ட் பண்ணி வருது. மாட்டுறதுக்கு முன்னாடி காத்தை அடைச்சு உருட்டிப் பாக்கணும், குண்டூசி ஓட்டை இருந்தாலும் குப்பையில போடணும், மேல தோல் கிளவுஸ் போடணும். அதைப் போட்டுக்கிட்டு சின்ன ஸ்க்ரூ திருகிப் பாருங்க, மெயினை ஆஃப் பண்றதே சுலபம்னு தோணும்.

யாழ்_கண்ணன்

எங்கட பக்கம் ட்ரிப் சுவிட்ச் (நீங்கள் சொல்லுற ஆர்சிசிபி) இல்லாமல் வீட்டுக்குக் கறன்ட் எடுக்கேலாது, 30 மில்லி ஆம்பியர்தான் போடுறது. ஆனால் அது இருக்குது எண்டு நம்பி லைவில கை வைக்கிற ஆக்களும் இருக்கினம். ஒரு கை பேஸில மற்றக் கை நியூட்ரலில எண்டால் அது உங்களை ஒரு பல்ப் எண்டுதான் நினைக்கும், விழாது. போற கறன்டும் வாற கறன்டும் ஒண்டாய் இருக்கேக்க அதுக்கு என்ன தெரியும்? மாதம் ஒருக்கா அந்த டெஸ்ட் பட்டனை அமத்திப் பாக்கிறனீங்களோ? கனபேர் அமத்துறேல்ல.

மீனா_திருச்சி

கேக்கணும்னு இருந்தேன். யாராவது கரண்ட்ல மாட்டிக்கிட்டா நாங்க என்ன பண்றது? எங்க வீட்டுல பகல்ல நானும் அத்தையும்தான் இருப்போம்.

பவர்_பாலா

தொடாதீங்க, அதுதான் முதல். ஓடிப்போய் மெயினை ஆஃப் பண்ணுங்க, இன்வெர்ட்டர் இருந்தா அதையும். மெயின் எங்க இருக்குன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும், நிறைய வீட்டுல அதுக்கு முன்னாடி ஷூ ரேக்கும் அரிசி மூட்டையும் அடுக்கி வச்சிருக்காங்க. ஆஃப் பண்ண முடியலைன்னா காஞ்ச மரக்கட்டை, பிளாஸ்டிக் நாற்காலி வச்சு தள்ளி விடுங்க. இது வீட்டு சப்ளைக்கு மட்டும். ரோட்டுல அறுந்து விழுந்த லைன்னா குச்சியெல்லாம் எடுத்துட்டுப் போகாதீங்க, தூரமா நின்னு ஈபிக்கு சொல்லுங்க, ஈரத் தரையிலயே சப்ளை இருக்கும்.

பிரிச்சதுக்கு அப்புறம் கூப்பிட்டா பதில் இல்ல, மூச்சும் சரியா இல்லைன்னா 108க்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சுட்டு நெஞ்சுக்கு நடுவுல ரெண்டு உள்ளங்கையையும் வச்சு அமுக்க ஆரம்பிங்க, 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. எழுந்து நல்லா பேசினாலும் படபடப்பு, நெஞ்சுவலி இருந்தா ஒரு ஈசிஜி எடுத்துடுங்க.

தஞ்சை_சோலார்

இடைல புகுந்துக்கறேன். இப்ப எல்லா மாடிலயும் சோலார் போடுறாங்க, ஈபி மெயினை ஆஃப் பண்ணினா இன்வெர்ட்டர் நின்னுடும், ஆனா பேனல் நிக்காது. 540 வாட் பேனல் ஆறு சீரியஸ்ல இருந்தா 290 வோல்ட் பக்கம் டிசி, வெயில் இருக்கற வரைக்கும் அந்த வயர்ல இருந்துக்கிட்டேதான் இருக்கும், பேனலுக்கு ஆஃப் சுவிட்சே கிடையாது. லோடு ஓடும்போது பேனல் வயரை இணைக்கிற எம்சி4 கனெக்டரை உருவினா டிசி ஆர்க் அறுபடாம நீளமா இழுத்துக்கிட்டே வரும். முதல்ல ஏசி, அப்புறம் டிசி ஐசோலேட்டர், கிளாம்ப் வச்சு கரண்ட் ஓடலைன்னு பாத்துட்டு அப்புறம் கனெக்டர். பேனல் கழுவுறேன்னு மேல ஏறுற வாட்டர் டேங்க் ஆளுங்க கிட்டயும் சொல்லி வைங்க.

கோவை_தினேஷ்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அப்டேட். வயர்மேன் லைசென்ஸ் இருக்கற வேற ஒருத்தரை வரச் சொன்னோம். வந்ததும் முதல்ல இன்வெர்ட்டரைத்தான் தேடினாரு, அதுலயே எனக்கு நிம்மதி ஆயிடுச்சு. கிளாம்ப் போட்டுப் பாத்தாரு, பாலா சார் சொன்னது அச்சு அசலா அப்படியே, ஹால் எம்சிபி ஆஃப்ல இருக்கும்போது கறுப்பு வயர்ல கரண்ட் ஓடுது. பெட்ரூமுக்கு தனியா நியூட்ரல் இழுத்தாரு, ஹாலுக்கு பேஸ், நியூட்ரல் ரெண்டையும் வெட்டுற டபுள் போல் எம்சிபி. கருகின ப்ளக்ல டெர்மினல் ஸ்க்ரூ லூசா இருந்து வயர் தோல் பொரிஞ்சு போயிருந்துச்சு. ஈபி லைனுக்கும் இன்வெர்ட்டர் லைனுக்கும் தனித்தனியா 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டாரு. நியூட்ரல் கலந்திருந்தா இது நிக்கவே நிக்காது, அதான் முன்னாடி எவனும் போடலைன்னாரு. முழு நாளும் கரண்ட் இல்ல, மாவை பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுல வச்சுட்டோம்ங்க.

இப்ப ஒரே ஒரு பிரச்சினை. காலைல கீசர் போட்டா ஈபி லைன் ஆர்சிசிபி விழுது. கீசரை ஆஃப் பண்ணினா நிக்குது. வீட்டுல "பழையபடி இருந்தா சுடுதண்ணியாவது வந்துட்டிருந்துச்சு"ன்னு திட்டு. கீசரை மட்டும் ஆர்சிசிபிக்கு வெளிய எடுத்து குடுத்துடலாமான்னு அப்பா கேக்கறாரு.

வயர்மேன்_பாண்டி

சார் கீசர்தான் அதுக்குள்ள இருக்கணும், மத்ததெல்லாம் அப்புறம். எலிமென்ட்ல விரிசல் விட்டு தண்ணிக்குள்ள லீக் ஆகுது, இத்தனை நாளா எர்த்து இழுத்துக்கிட்டு இருந்திருக்கு, எர்த்து எந்தக் கதியில இருக்கோ. ப்ளக்கை உருவிட்டு குளிங்க, பச்சைத் தண்ணிலயே. எலிமென்ட் மாத்துறவன்கிட்ட பழசைக் கழட்டினதும் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) போட்டு காட்டச் சொல்லுங்க, அப்படியே குளியலறை எர்த்தையும் செக் பண்ணச் சொல்லுங்க. அப்பாகிட்ட நான் சொன்னதா சொல்லிருங்க.